டிரான்சிஸ்டர் எரிவதற்கு முன்

அமெச்சூர் வானொலி உரிமம் கைக்கு வந்தாயிற்று. பிட்எக்ஸ் மாதிரி ஒரு சிறிய டிரான்ஸ்சீவரைக் கட்டி நாலு ஊருக்குப் பேசியும் ஆயிற்று. இனி கொஞ்சம் கூடுதல் வாட் வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபயர் கட்டச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டியதை அளவு மீறிய மின்னோட்டத்திலிருந்து காப்பது எப்படி என்று உட்கார வைத்துச் சொல்பவர்கள் குறைவு. ஃபைனல் போய்விட்டது என்று எரிந்த டிரான்சிஸ்டரோடு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, “போவதற்கு முன் எத்தனை ஆம்பியர் இழுத்தது?” என்றுதான். பெரும்பாலும் பதில் இருக்காது. அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

1. இயல்பான மின்னோட்டம் எவ்வளவு என்று முதலில் எழுதி வையுங்கள்.

எது அதிகம் என்று சொல்ல, எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும். ஐ.ஆர்.எஃப். 510 மாஸ்ஃபெட் இரண்டைப் புஷ்-புல்லாக வைத்து 13.8 வோல்ட்டில் 10 வாட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செயல்திறன் பாதி என்று கணக்கிட்டால் உள்ளே போவது 20 வாட். அதை 13.8-ஆல் வகுத்தால் ஒன்றரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. இதுவே உங்கள் அடிப்படை எண். 50 வோல்ட்டில் ஓடும் எல்.டி.மாஸ் ஆம்ப்ளிஃபயரில் 400 வாட் எடுத்தால், 65 சதவீதச் செயல்திறனில் 12 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

கணக்கு ஒரு மதிப்பீடுதான். டம்மி லோடை மாட்டி, ஒவ்வொரு பேண்டிலும் டிரைவ் எவ்வளவு, வெளிவரும் வாட் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் எண் 28-இல் இருக்காது. டிரைவே இல்லாமல் பி.டி.டி.யை மட்டும் அழுத்தினால் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பின்னால் கோளாறு தேடும்போது அந்த ஒரு எண் உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

2. பியூஸ் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றாது.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சாதாரணக் கண்ணாடிக் குழாய் பியூஸ், தன் மதிப்பைப் போல இருமடங்கு மின்னோட்டம் போனாலும் சில வினாடிகள் தாங்கும். மாஸ்ஃபெட்டின் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு சூடேறி உருகச் சில மில்லி வினாடிகள் போதும். பியூஸ் அறுவதற்குள் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். ஷார்ட் ஆனதால்தான் பியூஸே அறும்.

ஆனாலும் பியூஸ் கட்டாயம் வேண்டும். அது காப்பது ஒயரையும் போர்டையும் உங்கள் வீட்டையும். இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு நேராக ஒயர் இழுக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். பியூஸ் பேட்டரி முனையை ஒட்டி இருக்க வேண்டும், ரேடியோவின் பின்பக்கத்தில் இருந்தால் போதாது. நடுவில் ஒயர் கதவிடுக்கில் நசுங்கினால் அதைக் காக்க ஆளில்லாமல் போய்விடும்.

3. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பைக் பல்பு ஒன்றை நடுவில் போடுங்கள்.

கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளை இருந்தால் அதை அரை ஆம்பியரில் வையுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை பாசிட்டிவ் ஒயரில் தொடராக மாட்டுங்கள். உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் ஓர் ஆம்பியர்கூடப் போகாது, பல்பு பளிச்சென்று எரியும். எல்லாம் சரியாக இருந்தால் இழை லேசாகக்கூடச் சிவக்காது. இந்தச் சோதனையை முடிக்காமல் பெரிய சப்ளையை மாட்டாதீர்கள்.

4. பயாஸில் பொறுமை வேண்டும்.

மைக்ரோ பிட்எக்ஸில் ஒவ்வொரு ஐ.ஆர்.எஃப். 510-க்கும் 100 மில்லி ஆம்பியர் பயாஸ் வைப்பது வழக்கம். பிரீசெட்டை முழுவதும் கீழே இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை மெல்லத் திருப்பும்போது வெகுநேரம் மீட்டர் அசையாது. பிறகு ஒரு மயிரிழைத் திருப்பத்தில் பத்து, ஐம்பது, நூறு என்று ஏறிவிடும். கேட் வோல்டேஜ் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே எங்கோ இருக்கும் அந்த வாசலைத் தாண்டியதும் மாஸ்ஃபெட் நடத்துகிற வேகம் அப்படி. இரண்டு டிரான்சிஸ்டருக்கும் வாசல் ஒரே இடத்தில் இருக்காது, ஆகவே தனித்தனிப் பிரீசெட்.

நூறு வந்ததும் கை எடுத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பி.டி.டி.யை அழுத்தியபடி மீட்டரைப் பாருங்கள். மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக அதன் வாசல் வோல்டேஜ் இறங்கும். கேட்டில் நீங்கள் கொடுத்தது மாறாமலே இருக்கும், ஆனால் மின்னோட்டம் ஏறும். ஏறிய மின்னோட்டம் மேலும் சூடாக்கும். இது நிற்காமல் ஓடினால் டிரைவே இல்லாமல் டிரான்சிஸ்டர் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். ஹீட் சிங்க்கில் டிரான்சிஸ்டரை ஒட்டி ஒரு டயோடையோ தெர்மிஸ்டரையோ பதித்து, சூடு ஏறினால் பயாஸ் இறங்கும்படி சுற்றில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை அடங்கும். இரண்டு ரூபாய் டயோடு செய்யும் இந்தக் காவலை எந்த மைக்ரோ கன்ட்ரோலரும் மிஞ்சவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று. பிரீசெட்டின் நடுக்கால் தேய்ந்து தொடர்பு விட்டுப்போனால் கேட் எங்கே போகும் என்று யோசித்து வையுங்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் பயாஸ் பூஜ்யத்துக்கு இறங்கும், ஆபத்தில்லை. அது இல்லாமல் கேட் அந்தரத்தில் தொங்கினால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

5. டேட்டா ஷீட்டின் முதல் வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஐ.ஆர்.எஃப். 510-க்கு 5.6 ஆம்பியர், 43 வாட் என்று போட்டிருக்கும். உலோகத் தகட்டை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்திருந்தால்தான் அந்த எண்கள் பொருந்தும். மே மாதம் நம் ஊரில் மேசையின் மேலேயே 38 டிகிரி. கணக்கைப் பாருங்கள்: உள்ளிருந்து தகடுவரை வாட் ஒன்றுக்கு 3.5 டிகிரி. மைக்கா தாளும் வெள்ளைப் பசையும் சேர்ந்து ஒரு டிகிரி என்று வையுங்கள். சுமாரான ஹீட் சிங்க் இரண்டு டிகிரி. மொத்தம் ஆறரை. ஒரு டிரான்சிஸ்டரில் 15 வாட் சூடாகப் போனால் 97 டிகிரி ஏற்றம். அறையின் 38-ஐக் கூட்டினால் 135. இதன் எல்லை 175. அதாவது 43 வாட் தாங்கும் என்று எழுதிய பொருளில் 15 வாட்டிலேயே பெரும்பகுதி செலவாகிவிட்டது. பசையைத் தடிமனாகப் பூசினாலோ திருகு தளர்ந்தாலோ மீதமும் போகும். இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரே ஹீட் சிங்க்கில் உட்கார்ந்தால் அதன் பங்கு இருமடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தகடு டிரெயினோடு சேர்ந்தது என்பதை மறக்காதீர்கள். மைக்காவில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால், அலுமினியத் துகள் ஒன்று அதில் சிக்கினால், சப்ளை நேராக ஹீட் சிங்க் வழியே கிரவுண்டுக்குப் போகும். திருகை முடுக்கியதும் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குரலில் பேசுகிறவர்களுக்கும் எஃப்.டி.8 விளையாடுகிறவர்களுக்கும் ஒரே கணக்கு ஆகாது. பேச்சில் மூச்சு வாங்கும் இடமெல்லாம் டிரான்சிஸ்டருக்கு ஓய்வு. எஃப்.டி.8-இல் 15 வினாடிச் சுற்றில் 12.64 வினாடி இடைவிடாத முழு அலை. பேச்சுக்கு 10 வாட் எடுத்தால் எஃப்.டி.8-க்கு ஐந்தில் நிறுத்துங்கள்.

6. மின்னோட்டம் ஏறுவதற்குக் காரணம் ஒன்றல்ல.

அதிக மின்னோட்டத்தைத் தனி நோயாகப் பார்ப்பது பெரிய தவறு. அது காய்ச்சல் மாதிரி, பின்னால் வேறு எதுவோ இருக்கிறது.

அடிக்கடி நடப்பது, பேண்டை மாற்றிவிட்டு லோ-பாஸ் ஃபில்டரை மாற்ற மறப்பது. 14 மெகாஹெர்ட்ஸ் அலையை 7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரில் தள்ளினால் அது அநேகமாக முழுவதையும் திருப்பி அனுப்பும். ஆண்டெனாவுக்கு எதுவும் போகாததால் வெளியே இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எதையும் காட்டாது. அப்போது மின்னோட்டம் மட்டுமே உங்களுக்குச் சாட்சி. பேண்ட் சுவிட்சும் ஃபில்டர் ரிலேயும் ஒரே கட்டுப்பாட்டில் இருக்கும்படி அமைப்பது நல்லது.

அடுத்தது ஆண்டெனா. எஸ்.டபிள்யூ.ஆர். 2 என்றால் 11 சதவீதம் திரும்பி வரும், 3 என்றால் 25 சதவீதம். ஐப்பசி மழையில் மொட்டை மாடிக் கனெக்டருக்குள் நீர் இறங்கினால் ஒரே இரவில் ஒன்றரை மூன்றாகும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கேபிளின் நீளத்தைப் பொறுத்து, பொருந்தாத அந்த லோடு டிரான்சிஸ்டரின் கண்ணுக்குக் குறைந்த மின்தடையாகவும் தெரியலாம், கூடியதாகவும் தெரியலாம். குறைந்ததாகத் தெரிந்தால் மின்னோட்டம் ஏறும். கூடியதாகத் தெரிந்தால் மின்னோட்டம் இறங்கி, டிரெயினில் வோல்டேஜ் எகிறும். அம்மீட்டர் அமைதியாக இருக்கும்போதே டிரான்சிஸ்டர் உடைவது இப்படித்தான். ஆகவே மின்னோட்டக் காவல் மட்டும் போதாது. திரும்பும் அலையை அளந்து வெட்டும் காவலும் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரிய எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர்கள் 65:1 எஸ்.டபிள்யூ.ஆரையும் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். அது மைக்ரோ வினாடிக் கணக்கில் விட்டு விட்டுக் கொடுக்கும் பல்ஸில் செய்த சோதனை. நீங்கள் விசையை அழுத்திக்கொண்டு ஆண்டெனா டியூனரைத் திருப்பும் நேரத்துக்கு அந்த எண் பொருந்தாது.

மூன்றாவது, டிரைவ். ரேடியோவில் வாட்டைக் குறைத்து வைத்திருந்தாலும், பி.டி.டி. அழுத்திய முதல் கணத்தில் முழு வாட்டில் ஒரு துள்ளல் வெளியே வரும் ரேடியோக்கள் பல உண்டு. பி.எல்.எஃப். 188 எக்ஸ்.ஆர். போன்ற எல்.டி.மாஸின் கேட் 11 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அந்தத் துள்ளல் ஒன்றே போதும். நுழைவாயிலில் நிரந்தரமாக ஓர் அட்டென்யுவேட்டர் வையுங்கள்; ரேடியோ முழு வாட் கொடுத்தாலும் கேட்டுக்குப் போவது எல்லைக்குள் இருக்கட்டும். குமிழைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்பது பாதுகாப்பு ஆகாது.

நான்காவது, சுற்று தானாகவே அலைவது. டிரைவ் இல்லாமல் மின்னோட்டம் ஏறுகிறது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மாறுகிறது என்றால் ஆஸிலேஷன்தான். கேட்டில் சிறிய ரெசிஸ்டரும் ஃபெர்ரைட் மணியும் போட்டு, பைபாஸ் கெப்பாசிட்டர்களின் கால்களை ஒட்ட வெட்டிச் சால்டர் செய்யுங்கள்.

7. வெட்டும் சுற்று வேகமாகவும் பிடிவாதமாகவும் இருக்க வேண்டும்.

அளப்பதற்கு இரண்டு வழி. ஒன்று ஷன்ட் ரெசிஸ்டர். 0.05 ஓம் போட்டால் 2.5 ஆம்பியரில் 0.125 வோல்ட் கிடைக்கும், வீணாகும் சூடு மூன்றில் ஒரு வாட். மற்றது ஏ.சி.எஸ். 712 மாதிரியான ஹால் சென்சார். அதன் 5 ஆம்பியர் வகை, ஆம்பியருக்கு 185 மில்லி வோல்ட் தரும். எதை வைத்தாலும் பாசிட்டிவ் ஒயரில் வையுங்கள். நெகட்டிவ் ஒயரில் வைப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் மின்னோட்டம் கோஆக்ஸியலின் பின்னல் வழியாகவும் ரேடியோவின் உடம்பு வழியாகவும் வேறு பாதை பிடித்துத் திரும்பிவிடும், உங்கள் ஷன்ட் பாதியைத்தான் பார்க்கும்.

அளந்ததை எல்.எம். 393 மாதிரி ஒரு கம்பேரேட்டருக்குக் கொடுத்து, வரம்பு தாண்டியதும் ஒரு லாட்ச் பிடித்துக்கொள்ள வேண்டும். சி.டி. 4013 போதும். லாட்ச் ஏன்? வெட்டியதும் மின்னோட்டம் பூஜ்யமாகிறது. லாட்ச் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துச் சுற்று திரும்பச் சேர்க்கும், மறுபடி வெட்டும். வினாடிக்குப் பல தடவை டிரான்சிஸ்டர் அடி வாங்கும். நீங்களே கை நீட்டி ரீசெட் பொத்தானை அழுத்தும்வரை அது திறந்தே இருக்கட்டும்.

இனி, எதை வெட்டுவது? பயாஸை மட்டும் வெட்டினால் போதும் என்று பல வரைபடங்கள் காட்டும். பயாஸ் போனாலும் டிரைவ் வலுவாக இருந்தால் அலையின் உச்சியில் கேட் வாசலைத் தாண்டும், டிரான்சிஸ்டர் கிளாஸ் சி-யில் தொடர்ந்து இழுக்கும். ரிலேயால் சப்ளையை வெட்டலாம் என்றால், ரிலே திறக்கப் பத்து மில்லி வினாடி ஆகும்; 50 வோல்ட் டி.சி.யில் அதன் முனைகளுக்கு நடுவே பொறி நின்று எரியும். நான் சொல்வது இது: முதலில் மின்னணுச் சுவிட்சுகள். ஒரு டிரான்சிஸ்டர் பயாஸைக் கிரவுண்டுக்கு இழுக்கட்டும், பாசிட்டிவ் பாதையிலுள்ள ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் டிரெயின் சப்ளையை அறுக்கட்டும். இரண்டும் மைக்ரோ வினாடிக் கணக்கில் முடியும். அதன் பின்னால் ரிலேக்கள் மெதுவாக வந்து டிரைவைத் திருப்பட்டும். சப்ளையைத் திடீரென்று அறுக்கும்போது சோக் சுருள் எதிர்த்து வோல்டேஜை உதைக்கும். அதை விழுங்க டிரெயின் லைனில் ஒரு டி.வி.எஸ். டயோடு அவசியம்.

வரம்பு, நோட்டிலுள்ள அதிகபட்ச எண்ணைவிட அதிக இடைவெளி விட்டு இருக்கக் கூடாது. பெரிய ஆம்ப்ளிஃபயரில் 20 சதவீதம் மேலே. ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் சிறியதில் 2.4-இல் வைத்தாலும் ஆபத்தில்லை.

28 மெகாஹெர்ட்ஸில் மட்டும் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது என்றால், ஆர்.எஃப். கம்பேரேட்டருக்குள் நுழைகிறது. அதைத் தகரப் பெட்டியில் அடைத்து, உள்ளே போகும் ஒயருக்கெல்லாம் ஃபெர்ரைட் மணியும் 0.1 மைக்ரோ ஃபாரட்டும் போடுங்கள். அதற்காகப் பெரிய கெப்பாசிட்டரைப் போட்டு மந்தமாக்கினால் ட்ரிப் நின்றுவிடும், காவலும் நின்றுவிடும்.

8. பெரிய கெப்பாசிட்டர் சுவிட்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே கரண்ட் லிமிட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் வெளிவாயிலில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு அந்த லிமிட் தெரியாது. 10,000 மைக்ரோ ஃபாரட் 50 வோல்ட்டில் 12.5 ஜூல் வைத்திருக்கும். ஷார்ட் ஆன கணத்தில் அத்தனையையும் டிரான்சிஸ்டரில் கொட்டிவிடும். சென்சாரும் சுவிட்சும் அந்தக் கெப்பாசிட்டருக்குப் பின்னால், டிரான்சிஸ்டரை ஒட்டி வர வேண்டும். அவற்றைத் தாண்டி இருப்பது சிறிய ஆர்.எஃப். பைபாஸ் கெப்பாசிட்டர்கள் மட்டுமே.

9. கட்டிய காவலைச் சோதித்துப் பாருங்கள்.

டிரான்சிஸ்டரை வைத்துச் சோதிக்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் 1,000 வாட் ஹீட்டர் காயில் ஒன்று வாங்குங்கள். அதன் மொத்த மின்தடை 53 ஓம் அளவில் இருக்கும், சூடானாலும் அதிகம் மாறாது. எட்டில் ஒரு பங்கு நீளம் வெட்டி 13.8 வோல்ட்டில் மாட்டினால் இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். ட்ரிப் ஆகக் கூடாது. பத்தில் ஒரு பங்கு வெட்டினால் 2.6 ஆம்பியர், உடனே ட்ரிப் ஆக வேண்டும். காயில் பழுக்கக் காயும், செங்கல்லின் மேல் வையுங்கள். பல்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு இழுத்துச் சோதனையைக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

10. ட்ரிப் ஆனாலும் நிலையம் ஊமையாகக் கூடாது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. வேறு வேலையாகப் போனவர்கள், அந்த நிமிடத்திலிருந்து அவசரத் தகவல் பணிக்கு மாறினார்கள். அப்படி ஒரு நாளில் ஆம்ப்ளிஃபயர் ட்ரிப் ஆகி ஆண்டெனா பாதையும் அறுந்துபோனால் உங்கள் பெட்டியால் யாருக்கு என்ன பயன்? ரிலேக்கள் விடுபட்ட நிலையில் ரேடியோ நேராக ஆண்டெனாவோடு சேரும்படி ஒயரிங் செய்யுங்கள். 100 வாட் போய் 10 வாட் ஆனாலும் பேச்சு தொடரும்.

11. வால்வு ஆம்ப்ளிஃபயர் கைக்கு வந்தால் கிரிட்டைப் பாருங்கள்.

பழைய 811ஏ, 3-500இசட் வைத்த லீனியர்கள் இன்னும் கைமாறி வருகின்றன. 3-500இசட்டின் பிளேட் 500 வாட் சூட்டைத் தாங்கும், கிரிட் 20 வாட்தான் தாங்கும். லோடிங் கண்டென்சர் போதாத நிலையில் இருந்தால் பிளேட் கரண்ட் குறைந்து, கிரிட் கரண்ட் ஏறும். பிளேட் மீட்டரை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். கிரிட்டுக்குத் தனி ட்ரிப் வையுங்கள். ஹை வோல்டேஜ் பாதையில் 50 ஓம் ஒயர்வூண்ட் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால், உள்ளே பொறி பறந்தாலும் 3,000 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் போகாது. இவை வால்வுக்கான காவல். உங்கள் உயிருக்கான காவல் வேறு: பிளக்கை உருவி, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, காப்பிட்ட குச்சியில் கட்டிய எர்த் கொக்கியைப் பாசிட்டிவில் மாட்டிய பிறகே மூடியைத் தாண்டிக் கை போக வேண்டும். தனியாக இருக்கும்போது அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

12. ட்ரிப் ஆனால் ரீசெட்டை ஒரு தடவைகூட உடனே அழுத்தாதீர்கள்.

முதலில் நேரம், பேண்ட், எந்தக் காவல் வெட்டியது என்று நோட்டில் எழுதுங்கள். சப்ளையை அணைத்து, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் ஆண்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டி, ஃபில்டர் சரியான பேண்டில் இருக்கிறதா என்று பார்த்து, டிரைவ் இல்லாமல் பி.டி.டி. அழுத்துங்கள். வரும் எண் நோட்டில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டம்மி லோடில் எல்லாம் பழையபடி இருந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை, கேபிளிலோ ஆண்டெனாவிலோ இருக்கிறது. அன்று இரவு ஆம்ப்ளிஃபயரை பைபாஸில் வைத்து, ரேடியோவில் எஸ்.டபிள்யூ.ஆரைப் பார்த்துக் குறைந்த வாட்டில் பேசுங்கள். விடிந்ததும் மாடிக்குப் போய், கேபிளின் மேல்முனைக் கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.